ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்

மத்திய அரசின் மாதிரிக் கணக்கெடுப்புக்காக எல்சி கூத்தாநல்லூரில் வீடு வீடாகப் போனாள். ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம் என்பது அதன் விதி.

ரசியா பேகம் தன் வீட்டில் இரண்டு பேர் என்றாள். கணவர் மூஸா குவைத்துக்குப் போனவர். அங்கே போர் முடிந்து மூன்று வருடமாகியும் அவரைப் பற்றித் தகவல் இல்லை.

“இங்க சாப்பிடாதவங்களைச் சேர்க்க முடியாதுக்கா.”

“ஊரே அவங்களை விட்டுடுச்சு. நீங்களாவது சேர்த்துக்கங்க.”

எல்சி ஒன்று என்று எழுதினாள். ஆனால் மாதம் எவ்வளவு அரிசி ஆகிறது என்று கேட்டபோது ரசியா சொன்ன அளவு இரண்டு பேருக்கானதாக இருந்தது.

“விருந்தாளி யாராவது வந்தாங்களா?”

“இங்க யாரு வர்றா? வாங்க, சாப்பிட்டுட்டு எழுதலாம்.”

அந்த ஊர் வழக்கப்படி ரசியா பெரிய சஹன் தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து மீன் குழம்பு ஊற்றினாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிட்டார்கள். தட்டின் சன்னல் பக்கம் யாரும் இல்லை. அந்தப் பக்கமும் சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ரசியா ஒரு மீன் துண்டை முள் எடுத்து அங்கே தள்ளி வைத்தாள்.

“கல்யாணமான நாள்லேர்ந்து அவங்களுக்கு முள் எடுக்க நான்தான் வேணும்.”

மீனும் குறைந்தது.

எல்சி கை கழுவிவிட்டு வந்து, ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதினாள்.

“அவருக்கு வயசு என்னக்கா?”

ரசியா சன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்சம் காத்திருந்தாள்.

“போன மாசம் நாப்பது முடிஞ்சிடுச்சாம்.”