துணைக்கு ஒரு ஆள்

"மூணு மாசமா உங்களைப் பார்த்து ஒரு நாய்கூடக் குரைக்கலையேக்கா! இன்னைக்கும் நான் துணைக்கு வரணுமா?"

"நாய்னா பயமா இருக்கேப்பா!"

முணுமுணுத்தபடியே பின்தெரு அக்காவோடு பால் பூத் வரை நடந்தார் தையல்காரர். 'தினமும் நடங்க' என்று யாராவது புத்தி சொல்ல வந்தால் வாசலோடு விரட்டுகிற ஆள் அவர்.

அன்று சுகாதார நிலையத்தில் டாக்டர் சிரித்தார். "சர்க்கரை நல்லா குறைஞ்சிருக்கு. உங்க கண்ணு தப்பிச்சது! எங்க தன்னார்வலர் பேச்சைக் கேட்டு நடந்தீங்களாமே?"

"அப்படி யாரும் வரலையே டாக்டர்?"

"அதோ, வாசல்ல இருக்காங்களே!"

எட்டிப் பார்த்தார். நாலு தெருநாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து, பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தார் பின்தெரு அக்கா.

மறுநாள் விடிந்ததும் அக்கா வீட்டுக் கதவைத் தட்டியது தையல்காரர்தான்.

"கிளம்புங்கக்கா. நாய்னா எனக்கும் பயந்தான்."

அவர் கையில் பெரிய பிஸ்கட் பாக்கெட் ஒன்று இருந்தது.