ஸ்பேனர் அழகி

“வாம்மா, வா! உனக்காகத்தான் உசிரக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். நேரா ஏணியில ஏறு!”

நீல ஓவராலும் தலையில் கட்டிய துணியும் கையில் ஸ்பேனருமாக வாசலில் வந்து நின்ற பெண்ணைப் பார்த்துப் போட்டோகிராபர் அலறினார். அவர் நெற்றி வேர்வை கேமரா மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

“சார், முதல்ல மூஞ்சிய...”

“மூஞ்சியெல்லாம் அப்புறம் கழுவிக்கலாம்மா. மேல ஏறி அந்த ஏசியப் பாரு!”

அவள் தோளைக் குலுக்கிவிட்டு ஏறினாள். போட்டோகிராபருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

மீதிப் பாதி ஒரு காலண்டரில் மாட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் கம்பெனி முதலாளி ஒருவர், அந்தக் காலத்து ‘பின்-அப்’ படங்கள் மாதிரி, பழைய கார் மேல் சாய்ந்து ஓர் அழகி கண்ணடிக்கிற காலண்டர் வேண்டும் என்று கேட்டிருந்தார். இது கைகூடினால் ஸ்டூடியோ பிழைக்கும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும், “சிரிக்காதீங்க, நாடியத் தூக்குங்க” என்று பாஸ்போர்ட் போட்டோதான்.

குழு என்று பார்த்தால் ஒரே குடும்பம். மேக்கப் மனைவி, கிரியேட்டிவ் டைரக்டர் மனைவியின் தம்பி. அந்தப் பட்டத்தை மச்சினன் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டான், யாரும் தடுக்கவில்லை.

பிளைவுட்டில் செய்த பழைய கார் பளபளவென்று தயார். லிப்ஸ்டிக்தான் புழுக்கத்தில் இளகி, மனைவியின் முழங்கை வரை வழிந்திருந்தது. வரவேண்டிய மாடலை மட்டும் காணோம்.

“இங்க பாத்தா மட்டும் போதுமா சார்?” என்று ஏணி மேலிருந்து குரல் வந்தது.

“ஸ்பேனர எதுக்கு வெச்சிருக்க? வேலையக் காட்டும்மா!”

அவர் ஆள் இல்லாத காரை நாலைந்து முறை படமெடுத்து வெளிச்சம் சரிபார்த்தார். பளிச் பளிச்சென்று மின்னும்போதெல்லாம் ஏணிக்காரி திரும்பிப் பார்த்தாள். “இங்க என்ன வேடிக்கை? அங்க பாரு” என்று எரிந்து விழுந்தார்.

அவள் ஸ்பேனரை ஓங்கி ஏசியின் மண்டையில் ஒரு போடு போட்டாள். அது இரண்டு முறை இருமிவிட்டுக் குளுகுளுவென்று ஊத ஆரம்பித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அவள் இடுப்பில் கைவைத்து, ஒரு காலை மடக்கிச் சிரித்தாள்.

“தொழில்காரின்னா இவதான்! எறங்கிடாதம்மா, அப்படியே இரு. மறுபடி நின்னு தொலைச்சாலும் தொலைக்கும்.”

போன வருஷத்துக் காலண்டரால் விசிறிக்கொண்டிருந்த முதலாளி அதைக் கீழே வைத்தார். “காத்து வந்துடுச்சு. பொண்ணு எங்கய்யா?”

போட்டோகிராபர் மாடல் ஏஜென்சிக்குப் போன் போட்டார். “அப்பவே கிளம்பிட்டா சார், இந்நேரம் வந்திருப்பா” என்றார்கள். உலகத்தில் எந்த ஏஜென்சிதான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறது? அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தார்.

முதலாளி மூவரையும் கதவோரம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். “நமக்கு வேண்டியது மெக்கானிக் வேஷம்தானே? மேல ஒரு மெக்கானிக்கே நிக்கிறா. கையில நம்ம கம்பெனி ஸ்பேனர் வேற, புத்தம் புதுசு. அவளையே எடுத்துட்டாத்தான் என்ன?”

போட்டோகிராபரின் கை தானாகக் கேமராவுக்குப் போனது. மச்சினன் அதைத் தட்டிவிட்டான்.

“மாமா, கொஞ்சம் இருங்க. சார், நிஜ மெக்கானிக்க வெச்சு எடுத்தா மெக்கானிக் மாதிரியே இருக்காது. பின்-அப்னா ஒரு நெளிவு சுளிவு வேணும். இதெல்லாம் பொறப்புல வரணும். அவ நிக்கிறதப் பாருங்க, கொக்கு மாதிரி!”

“முகவெட்டும் சுமார்தான்” என்றாள் மனைவி, லிப்ஸ்டிக் கையைத் துடைத்தபடி. “நான் என்ன பூசினாலும் ஒட்டாது.”

“இல்ல, ஒரே ஒரு படம் எடுத்துப் பாத்தா...” என்று போட்டோகிராபர் இழுத்தார். மனைவி தம்பியைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள். கல்யாணமான மனுஷன் அதற்கு மேல் என்ன பேச? “தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்” என்று முடித்துக்கொண்டார்.

“சரிப்பா, நீங்க கலைய வளர்த்துக்கிட்டு இருங்க. பக்கத்துத் தெரு ஸ்டூடியோவுல பொண்ணு ரெடியா இருக்காம். காலண்டர் அங்கயே எடுத்துக்கிறேன்.”

முதலாளி போயே போய்விட்டார். கதவு சாத்திய சத்தத்தில் பிளைவுட் கார் கொஞ்சம் ஆடியது.

போட்டோகிராபர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது. “அந்த மாடல் மட்டும் இப்ப என் எதிர்ல வரட்டும், நாலு கேள்வி நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கிறேனா இல்லையா பாரு” என்று பொருமினார்.

மனைவி மேக்கப் பெட்டியை மூடினாள். மச்சினன் செல்போனில் ஏதோ அவசரம் என்று முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஏசி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

நின்று நின்று கால் மரத்துப்போன பெண் ஏணியிலிருந்து மெல்ல இறங்கினாள். தலைத் துணியைச் சரிசெய்துகொண்டு, அவர் பக்கத்தில் குனிந்து கேமராவை ஆவலாக எட்டிப் பார்த்தாள்.

“இதுவரைக்கும் என்னை எடுத்ததுல எது சார் நல்லா வந்திருக்கு?”