போலி மெயிலுக்கு நாலு அடையாளம்

க்ளிக் சார் மறுபடியும் மாட்டிக்கொண்டார். இது மூன்றாவது தடவை.

பில்லிங் செக்‌ஷனில் தலை நரைத்த மனிதர், அவருக்குச் சொந்தப் பேர் இல்லாமலா? ஆனால் எந்த மெயில் வந்தாலும் யோசிக்காமல் ஒரு தட்டு தட்டிவிடுவார். அதனால் ஆபீஸே வைத்த பேர் இது. 'உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது' என்று பயிற்சிப் பிரிவு வேண்டுமென்றே அனுப்பிய போலி மெயிலை நம்பி, பரிசை எங்கே வாங்க வேண்டும் என்று நேரில் வந்து கேட்டவராயிற்றே!

பயிற்சி மேடத்துக்கு எரிச்சலான எரிச்சல். கம்ப்யூட்டரிலேயே படித்து, கம்ப்யூட்டரிலேயே பரீட்சை எழுதும்படி எவ்வளவு அழகாகப் பாடம் போட்டிருக்கிறார்! போலி மெயிலுக்கு நாலே நாலு அடையாளம். தெரியாத முகவரி, அவசரம், எழுத்துப்பிழை, தட்டச் சொல்லி ஒரு லிங்க். இதுகூடவா ஒரு மனிதர் மண்டையில் ஏறாது?

நேற்று மதியம் வந்த மெயிலில் நாலுமே இருந்தன. 'அவசறம். என் வீட்டுக்காரருக்கு ரத்தம் வேனும். உடனே வாங்க.' கீழே ரிசப்ஷன் பெண்ணின் பேர், ஒரு லிங்க். தெரிந்தவர் பேரைப் போட்டு ஏமாற்றுவார்கள் என்பதும் பாடத்தில் உண்டு. மேடம்தான் முதல் ஆளாகப் 'போலி' பட்டனை அழுத்தினார். அடுத்து மளமளவென்று ஆபீஸே அழுத்தியது. 'சபாஷ், நீங்கள் ஏமாறவில்லை' என்று எல்லார் திரையிலும் ஒரு நட்சத்திரம் வந்தது.

க்ளிக் சார் லிங்க்கைத் தட்டினார். தட்டியதோடு விட்டாரா? சொல்லாமல் கொள்ளாமல் ஆபீஸை விட்டே போய்விட்டார்.

மூன்று தடவை ஏமாந்தால் வேலை போகும் என்பது விதி. முதலாளியும் சரி என்று சொல்லிவிட்டார்.

வெளியே ரிசப்ஷனில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நேற்றிலிருந்தே இப்படித்தான். அரை நாள் லீவு என்று போன பெண்ணை இன்னும் காணோம். நேரத்துக்கு வேலைக்கு வருவது எப்படி என்று அவளுக்கும் ஒரு பாடம் போட வேண்டும் என்று மேடம் நினைத்துக்கொண்டார்.

க்ளிக் சார் உள்ளே வந்தார். நேற்றுப் போட்ட அதே சட்டை, ஒரு கை மட்டும் மடித்துவிட்டபடி. கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்தார்.

மேடம் பாடத்தை முதலிலிருந்து ஒப்பித்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"அந்த எழுத்துப்பிழைகூடவா சார் உங்க கண்ணுல படலை?"

"பட்டுது மேடம். கை நடுங்கினா அப்படித்தானே எழுத வரும்?"

மேடம் அவர் மடித்த கையைப் பார்த்தார். முழங்கை மடிப்பில் ஒரு சின்ன பிளாஸ்திரி.

க்ளிக் சார் மெதுவாகச் சொன்னார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பைக்கில் போகும்போது லாரி இடித்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்குச் சிராய்ப்போடு போயிற்று, போன் சுக்குநூறு. ஒரு நர்ஸின் போனை வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே முகவரிக்கு, ஆபீஸில் எல்லாருக்கும் போகும் முகவரிக்கு, எழுதியிருக்கிறாள். லிங்க் ஆஸ்பத்திரிக்கு வழி காட்டும் மேப்.

மேடம் ரிசப்ஷன் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஆபீஸுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே..."

"பண்ணிக்கிட்டேதான் இருக்கு மேடம். இங்க போனை எடுக்கிற ஆளே அதுதானே?"

வெளியே போன் அடித்து ஓய்ந்தது.

"அவர்... இருக்காரா?"

"இருக்காரு. இன்னும் ரத்தம் வேணுமாம். நான் கொடுத்தது பத்தலை." எழுந்தவர், கதவருகில் தயங்கி நின்றார். "மேடம், நம்ம ஆளுங்க எல்லாரும் வருவாங்கன்னு அந்தப் பொண்ணு வாசலையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. யாருமே நம்பலைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. மெயில் எனக்கு வந்ததோட ஆபீஸ்ல நெட் போயிடுச்சு, வேற யாருக்கும் வந்திருக்காதுன்னு சொல்லிட்டேன். பாவம், நம்பிடுச்சு."