நீலத் தண்ணீரில் ஒரு துளி

"மிதக்கணும் முருகா, இன்னைக்கும் மிதக்கணும்!"

லோகேஸ்வரன் மனசுக்குள்தான் வேண்டிக்கொள்வதாக நினைத்தான். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த தாதி மாலாவின் காதில் அது விழுந்துவிட்டது.

"என்னா தம்பி, எல்லாரும் முழுகணும்னு கும்புடுவாங்க. நீங்க தலைகீழா வேண்டிக்கிறீங்க?"

"சும்மா லா அக்கா. பயத்துல வாய் குழறுது."

மெர்கோங் கோயில் மண்டபத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்த தான முகாம் நடக்கும். முதலில் விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை எடுத்து, நீலத் தண்ணீர் இருக்கும் குப்பியில் விடுவார்கள். சொட்டு முழுகினால் ஹீமோகுளோபின் போதுமான அளவு இருக்கிறது. ஆள் பாஸ், நேராகக் கட்டிலுக்குப் போகலாம். மிதந்தால் சத்துக் குறைவு. ஆள் ஃபெயில், கடைசி மேசைக்குப் போக வேண்டும்.

அந்தக் கடைசி மேசையில்தான் உமாராணி இருந்தாள்.

சத்துணவு ஆலோசகர். ஃபெயிலானவர்களை எதிரே உட்கார வைத்து, எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது என்று பத்து நிமிடம் பேசுவாள். பிறகு தன் கையாலேயே ஒரு சீட்டில் எழுதித் தருவாள். பாஸானவர்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. இரத்தம் கொடுத்ததும் ஒரு மைலோ, இரண்டு பிஸ்கட், போய் வாருங்கள், அவ்வளவுதான்.

முதல் முறை ஃபெயிலானபோது லோகேஸ்வரன் உண்மையிலேயே வருத்தப்பட்டான். அந்த வருத்தம் கடைசி மேசைக்குப் போய்ச் சேரும் வரைதான் இருந்தது. பண்டார் பாரு பக்கம் எஸ்டேட்டில் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், அன்றிலிருந்து ஒரு முகாமையும் விடாமல் தன் பழைய காரில் இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வருகிறான். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது என்று அவள் சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட நாள் முதல் சோறு ஒரு தட்டு என்றால் தே தாரிக் இரண்டு குவளை என்று இறக்கினான். கைமேல் பலன். இரண்டாம் முறையும் ஃபெயில், மூன்றாம் முறையும் ஃபெயில்.

மூன்று முறை உட்கார்ந்தும் அவன் பேசியது "ம்", "சரிங்க" என்ற இரண்டே சொல். இன்றைக்கு மனசில் இருப்பதைச் சொல்லியே தீருவது என்று பாதி வழியில், சுங்கைப்பட்டாணியிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். சொட்டு மிதந்தால் போதும்.

"விரல நீட்டுங்க" என்றாள் மாலா.

சொட்டு நீலத்தில் விழுந்தது. ஒரு கணம் மேலேயே தயங்கி நின்றது. அவனுக்கு முகமெல்லாம் பல். அடுத்த கணம் கிணற்றில் போட்ட கல் மாதிரி அடிக்குப் போய்விட்டது.

"அலாமா!"

"பாஸ், தம்பி!" மாலா கைதட்டினாள். "நாலாவது தடவைல ஜெயிச்சிட்டீங்க."

"அக்கா, குப்பி சரியில்ல போல. இன்னொரு தடவ பாருங்க லா."

"எத்தன தடவ பாத்தாலும் முழுகுனது முழுகுனதுதான். போங்க, கட்டில் காலியா இருக்கு."

பரீட்சையில் கோட்டை விட்டவன் மாதிரி நடந்துபோய்ப் படுத்தான். ஊசி ஏறியது. பையில் இரத்தம் நிறைய நிறைய, அவன் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த முகாமுக்கு நாள் எண்ணினான். இன்னும் மூன்று மாதம்!

"வலிக்குதா?"

கண்ணைத் திறந்தான். உமாராணி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஊசி வலிக்கலைங்க" என்றான்.

"பாஸ் பண்ணிட்டு யாராவது இப்படி மூஞ்சிய வச்சிருப்பாங்களா? திடீர்னு எப்படி ஏறுச்சு?"

"அதான் தெரியலைங்க. நான் ஒண்ணுமே பண்ணல. அம்மாதான் மூணு மாசமா ஒரு மாதிரி சமைக்கிறாங்க. ஞாயித்துக்கிழம ஈரல், புதன்கிழம கெராங் சிப்பி சம்பல், தினமும் முருங்கக்கீர. நான் தே கொண்டுபோற பிளாஸ்க்கும் கைதவறி ஒடஞ்சிருச்சுங்கிறாங்க. எஸ்டேட்டுக்குள்ள கடையும் இல்ல."

"கீரையில எலுமிச்சம்பழம் பிழிஞ்சாங்களா?"

"ஆமா... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பிழியச் சொன்னதே நான்தான். பிளாஸ்க்க மட்டும் நான் ஒடைக்கச் சொல்லல. அது அத்தையோட சொந்த யோசனை."

அத்தையா! லோகேஸ்வரன் துள்ளி எழுந்து உட்காரப் பார்த்தான். "தம்பி, ஊசி, ஊசி!" என்று மாலா ஓடிவந்து அவனை அமுக்கிப் படுக்க வைத்தாள்.

"எங்க அம்மாவ உங்களுக்கு..."

"மொதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. நான் எழுதிக் குடுத்த சீட்டையெல்லாம் என்ன பண்ணீங்க?"

இதற்காவது நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்ல முடிந்தது. "பத்திரமா இருக்குங்க! மொதல் சீட்டு லாரியில, முருகன் படத்துப் பக்கத்துல. ரெண்டாவது என் அலமாரிக் கதவுல. நல்லா கம் போட்டு ஒட்டியிருக்கேன், சொரண்டுனாலும் வராது. மூணாவதுதான் சட்டப் பையில இருந்து, தொவைக்கிறப்ப கரைஞ்சு போச்சுன்னு அம்மா சொன்னாங்க."

உமாராணி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அது கரையல. அத்தை அதத் திருப்பிப் பாத்தாங்க. மூணு சீட்டுக்கும் பின்னால என் போன் நம்பர எழுதி, 'பேசணும், கூப்பிடுங்க'ன்னு போட்டிருந்தேன், கம் போட்டு ஒட்டுன மகராசா!"