இரண்டு ஆணி

வெள்ளிக்கிழமை பொழுது சாய, ஓய்வுநாளின் இரண்டு மெழுகுவர்த்திகளையும் ஏற்றிவிட்டுக் கெத்சீயாள் கண்ணைப் பொத்தி ஜெபித்தபோது வாசலில் ஆள் அரவம் கேட்டது.

"எல்லாரும் வந்தாச்சேங்க," என்றாள் கணவர் சிமியோனிடம்.

சபையே அவர்கள் வீட்டு முன்னறைதான். ஒன்பது பேரும் உள்ளே இருந்தார்கள். அவர்கள் யாரும் கதவைத் தட்டுவதில்லை. நிலையில் சாய்வாக அடித்திருந்த, வசனச்சுருள் வைத்த சின்னப் பெட்டியைத் தொட்டு, விரலை முத்தமிட்டு உள்ளே வருவார்கள். போன வாரம் அதை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்றைக்கு எல்லோரும் பழக்கதோஷத்தில் வெறும் மரத்தைத் தொட்டு முத்தமிட்டிருந்தார்கள்.

வெளியே ஒரு கை அதே இடத்தைத் தடவியது.

"ஷபாத் ஷாலோம். யாருங்க?" என்று ஓய்வுநாள் வாழ்த்தோடு கேட்டார் சிமியோன்.

பதிலுக்குச் சுத்தியல் சத்தம் வந்தது. கெத்சீயாள் கணவர் பக்கம் நகர்ந்து நின்றாள்.

"பயப்படாத. மனசு கேக்காம திரும்பக் கொண்டாந்து மாட்டுறாங்க போல," என்றார் சிமியோன்.

இருக்கலாம். முன்பு அவர் ஆணி அடித்தபோது பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். மேலே ஒன்று, கீழே ஒன்று. அவ்வளவுதான்.

முதல் ஆணி இறங்கி முடிந்தது. இரண்டாவதும் இறங்கியது. யாரோ "ஸ்தோத்திரம்" என்று பெருமூச்சு விட்டார்கள். சிமியோன் சிரித்த முகமாகக் கதவைத் திறக்க எழுந்தார்.

வெளியே, கதவின் மறு ஓரத்தில், மூன்றாவது ஆணியை அடிக்க ஆரம்பித்தார்கள்.