வாதாம் மரத்தடியில் ஓர் இடம்

சைலன்சர் என்றால் சத்தத்தை அடக்குவது என்று அர்த்தம். உதிரிபாகக் கடைக்கு வந்த ஸ்கூட்டரிடம் அதை யாரும் சொல்லவில்லை.

"ஆட்டோக்காரன்கூட எனக்கு வழி விடமாட்டேங்கிறான்," என்று அது புலம்பியது. "என் சத்தம் கிழவன் இருமுற மாதிரி இருக்கு."

"என்னை மாட்டிக்கோ தம்பி, தெருவே திரும்பிப் பார்க்கும்," என்றது ஆணியில் பளபளத்துத் தொங்கிய புதுச் சைலன்சர்.

பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்கூட்டர் அதை மாட்டிக்கொண்டது. வழியெல்லாம் ஆட்டோக்கள் ஒதுங்கின. பெருமை தாங்காமல் தன் வாதாம் மரத்தடிக்கு வந்தது. எட்டு வருடமாக அது நிற்கும் இடம் அது. கண் போய், மூக்கும் மழுங்கிப்போன செவலை நாய் தினமும் ஸ்கூட்டருக்கு அடியில்தான் தூங்கும்.

செவலை பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்தது. "யாருடா நீ? தள்ளிப் போ!"

"செவலை, நான்தான்! உன் சிநேகிதன்!" ஸ்கூட்டர் கத்தக் கத்த இரைச்சல்தான் கூடியது.

"அவன் சத்தம் எனக்குத் தெரியாதா? தெருமுனையில வரும்போதே கண்டுபிடிச்சிடுவேன். இன்னைக்கு என்னவோ நேரமாயிடுச்சு. அவன் வந்து நிற்கணும், இடத்தை விடு."

ஸ்கூட்டர் மெல்லப் பின்வாங்கி, எதிரே வெயிலில் போய் நின்று, என்ஜினை அணைத்தது.

செவலை அந்தக் காலி இடத்தை ஒருமுறை சுற்றி வந்தது. பிறகு நடுவை விட்டு ஓரமாகப் படுத்து, தெருமுனைப் பக்கம் காதைத் திருப்பி வைத்துக்கொண்டது.