மழைக்கு ஒதுங்கிய இடம்

"உன் சுவர் வாட்ச்மேன் பொண்டாட்டியைச் சாய்ச்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வா."

அலறிய போனைத் தாரணி எடுத்ததும் கணேசமூர்த்தி சொன்னது இவ்வளவுதான். நேற்றுவரை அவளை மேடம் என்று அழைத்தவர்.

ஆட்டோ லிங்கராஜபுரத்தைத் தாண்டுவதற்குள் அவள் மனம் அந்தச் சுவரை வரிசை வரிசையாகக் கட்டிப் பார்த்துவிட்டது. சூளையில் சுடாத கட்டிகள். மனையில் தோண்டிய மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து மெஷினில் அழுத்தியவை. ஏப்ரலில்கூட ஃபேன் வேண்டாம், கரண்ட் பில் பாதியாகும் என்று மூன்று மாதம் பேசி, வீடு கட்ட வந்த கணேசமூர்த்தியைச் சம்மதிக்க வைத்த இன்ஜினீயர் அவள்தான்.

அதற்குள் அவர் சிமெண்ட் பிளாக்குகளை வாங்கி இறக்கியிருந்தார். பின்னால் காம்பவுண்டுக்கு ஆகும் என்று அவற்றைச் சாந்து வைக்காமலே அடுக்கி, மேலே தகரம் போட்டு, வாட்ச்மேன் கோவிந்தப்பா குடும்பத்துக்கு ஷெட் ஆக்கிக் கொடுத்தார்.

மண் கட்டிகளை இருபத்தொரு நாள் நனைக்க வேண்டும். கோவிந்தப்பாவின் மனைவி தனக்கோடிதான் காலையும் மாலையும் குடத்தில் சுமந்து நனைத்தாள். கடைசி லோடை மட்டும், கணேசமூர்த்தியின் அவசரத்துக்குப் பணிந்து, பதினாலாம் நாளே சுவரில் ஏற்றச் சொல்லிவிட்டாள் தாரணி. தெற்கு மூலை. அதுதான் விழுந்திருக்கும். அதன் அடியில் தனக்கோடி.

எமர்ஜென்சி வாசலில் கணேசமூர்த்தி நனைந்த சட்டையோடு நின்றார். சுவர் விழுந்துவிட்டது என்று சைட்டுக்கு எதிர்க் கடைக்காரர் போனில் சொன்னதும் நேரே இங்கு வந்தவர்.

"அல்சூர்ல எங்கப்பா கட்டின வீடு நாப்பது வருஷமா நிக்குது. செங்கல்லும் சுண்ணாம்பும். நீ புதுசா செஞ்சு பாக்க என் மனைதான் கெடைச்சுதா?"



நர்ஸ் வந்து, வாசலோரம் காத்திருந்த கோவிந்தப்பாவை உள்ளே அழைத்துப் போனாள். திரும்பி வந்தவன் யாரையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தான். தனக்கோடி போய்விட்டாள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தாரணி கணேசமூர்த்தியின் பக்கம் திரும்பினாள். "பதினாலு நாள்தான் நனைச்சோம் சார். தப்பு என்னுது. போலீஸ்ல நானே சொல்லிடறேன்."

"சொல்லு. காலையிலயே மானம் இருட்டிட்டு வந்தது. மழை வந்தா அந்த மண் வீட்டுக்குள்ள மட்டும் ஒதுங்காதேன்னு அவகிட்ட படிச்சுப் படிச்சு சொல்லிட்டு வந்தேன். கேட்டாளா அவ?"

கோவிந்தப்பா மெல்ல நிமிர்ந்தான். அவன் குரல் உயரவே இல்லை.

"கேட்டா சார். நல்லா நிக்கிற மண் வீட்டை விட்டுட்டு, நீங்க சொன்னீங்கன்னுதான் அந்த பிளாக் ஷெட்டுக்குள்ள ஓடினா."